தன் தலையில் கத்தரி படாதவர்

இடுப்பு வரை முடி வளர்த்த முடி திருத்துபவர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எனக்கு முடி வெட்டியவர். ஜடாமுனி என்போம். சொந்தப் பெயர் தெரியாது, கேட்கப் பயம். எனக்கு எதைக் கேட்கவும் பயம்தான்.

இடம், திருச்சியில் தப்பு செய்த பையன்களை வைத்திருக்கும் இல்லம். பொன்மலையில் யாருடைய சைக்கிளையோ எடுத்து முசிறி வரை மிதித்துவிட்டேன். ஏன் என்று போலீஸ்காரர் கேட்டார். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை என்றேன். உண்மை அதுதான். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது.

ஜடாமுனி மாதம் இருமுறை, கொண்டையைத் துண்டால் கட்டிக்கொண்டு வருவார். "இந்தக் கட்டடத்துல திருத்துறவன் நான் ஒருத்தன்தாண்டா. மத்தவங்க ரிஜிஸ்டர் எழுதுறாங்க" என்பார், வார்டன் காதில் விழும்படி.

திருட்டுக் கேஸுக்கு நடு வகிடு, அடிதடிக்குப் பக்க வகிடு. "நடு வகிடு எடுத்தவன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." நான்கு பையன்கள் நடு வகிடோடு சுவரேறிக் குதித்து ஓடிய பிறகும் கொள்கையை மாற்றவில்லை.

மொட்டை மட்டும் போடமாட்டார். பேன் என்று வார்டன் கெஞ்சினாலும் மாட்டார்.

"பத்து வயசுல நானும் உள்ள இருந்தேன். அப்ப இது சீர்திருத்தப் பள்ளி. வந்த அன்னிக்கே மொட்டை. வளர வளர மொட்டை. ஓடிப்போனா ஊர்க்காரன் புடிச்சுக் குடுக்கணும்ல? வெளிய வந்தப்புறம் என் தலைய யாரையும் தொட விடல."

என் விசாரணைக்கு முந்தின நாள். வீட்டுக்கா, இன்னும் ஒரு வருஷம் உள்ளேயா என்று மறுநாள் சொல்லிவிடுவார்கள். மெஷின் பிடரியில் பட்டதும் துள்ளிவிட்டேன். பிடரியிலிருந்து உச்சி வரை ஒரு ரோடு விழுந்தது.

ஜடாமுனி மெஷினை நிறுத்தினார்.

"கொஞ்சம் ஆடாம இருந்திருக்கக் கூடாதாடா தம்பி?"

பிறகு மிச்சத்தையும் வழித்தார்.

மறுநாள் விசாரணை அறை வாசலில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைக் கிழவர் நின்றார். செருமியபோதுதான் ஜடாமுனி என்று தெரிந்தது.

மாஜிஸ்திரேட் அம்மா எங்கள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, சமயபுரத்துக்கு வேண்டுதலா?"

"இல்லீங்கம்மா. இவனுக்குத்தான். என் கையால மொட்டையாயிட்டான். ஒத்தையா நின்னா திருடன் மாதிரி இருப்பான். ரெண்டு பேரா நின்னா வேண்டுதல் மாதிரி இருக்கும்."

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. குனிந்து ரொம்ப நேரம் எழுதினார். அன்று மாலையே வீட்டுக்குப் போனேன்.

அவர் முடி அதற்குப் பிறகு காதைத் தாண்டவில்லை. வயது போய்விட்டது. போன ஆடியில் அவரும் போய்விட்டார். பிள்ளை கிடையாது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நான்தான் மொட்டைக்கு உட்கார்ந்தேன்.

கத்தி பிடரியில் பட்டது. நான் ஆடவில்லை.