ஒரு 'இன்' படுத்திய பாடு

இனிமேல் இங்கிலீஷ் விஷயத்தில் மயிலாத்தாளிடம் வாய் கொடுப்பதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறேன். காரணம் இரண்டே எழுத்து. 'இன்'.

மயிலாத்தாள் என் சம்சாரம். மூன்று மாதமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் எந்நேரமும் இன், ஆன், அட். கணபதி பகுதியில் பம்புசெட் பட்டறை நடத்தும் எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன் அம்மணி, கடைல, பஸ்ல, ஊட்டுல... நமக்கு ஒரு 'ல' போதும். ஒரே போல்ட்டுக்கு மூணு ஸ்பானரா?"

"மாத்திப் போட்டா மரை கழண்டுபோகுமுங்க," என்றாள்.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. கோட்டைமேட்டில் என் பட்டறை வாடிக்கைக்காரர் மைதீன் பிச்சை பாய் மகளுக்கு நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு அழைத்திருந்தார். பாய் வீட்டுப் பிரியாணி என்றால் நான் சனிக்கிழமையே பட்டினி கிடக்கிற ஆள். ஆனால் அன்றைக்குப் பார்த்து மச்சினன் வெங்கடபதி அடுத்த தெருவுக்குக் குடிவருகிறான். அவனுடைய இரும்பு பீரோ இரண்டாவது மாடிக்கு ஏற வேண்டும்.

"மாமா ஒரு கை பிடிச்சாப் போதுமுங்க," என்றான். போன தடவை ஒரு கை பிடித்துவிட்டு, மூன்று வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

காலையிலேயே பட்டறைக்கு நழுவினேன். சிநேகிதரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதாக ஒரு பொய். குடும்ப வாட்ஸப் குழுவில், கெத்தாக இருக்கட்டும் என்று இங்கிலீஷிலேயே போட்டேன்: 'சாரி. ஐ ஆம் இன் ஹாஸ்பிடல்.' போனை அணைத்துவிட்டேன்.

இந்நேரம் எல்லாரும் பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பி, பதினோரு மணிக்கு விருந்துக்குச் சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தேன். வாசலில் குட்டியானை லோடு வண்டி. அதன்மேல் பீரோ. உள்ளே மொத்தக் குடும்பம். மேசையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். மச்சினன் கண் கலங்கியிருந்தது.

"மாமா! பீரோ வண்டியிலயே நாலு ஆஸ்பத்திரில தேடிப்போட்டு வாரோமுங்க!"

"எனக்கென்ன மாப்ளே? ஒரு சிநேகிதரைப் பார்க்கத்தான்..."

"அதுக்கு 'அட்' போடோணுமுங்க," என்றாள் மயிலாத்தாள். "நீங்க போட்டது 'இன்'. இன் ஹாஸ்பிடல்னா பெட்டுல படுத்தாச்சுன்னு அர்த்தமுங்க. ஆமா, எந்தச் சிநேகிதருங்க?"

பெயர் யோசித்து வைக்க மறந்துவிட்டேன். பொய்யில் மாட்டுவதைவிட நோயில் படுப்பது மேல் என்று தோன்றியது.

"உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு பார்த்தேன். எனக்குத்தான்... தலைசுத்தல்."

அடுத்த நிமிஷம் கட்டிலில் கிடந்தேன், கழுத்துவரை போர்வையோடு.

"பாய் ஊட்டு விசேஷம்?" ஈனசுரத்தில் கேட்டேன்.

"உங்க சார்பா நாங்க எல்லாம் போறமுங்க. ஆன் யுவர் பிஹாஃப். அதுக்கு 'ஆன்'தானுங்க."

"பார்சல்?"

"தலைசுத்தலுக்கு அரிசிக் கஞ்சிதானுங்க. அடுப்பு மேல இருக்குது." என் காதருகே குனிந்தாள். "படுத்திருந்தா கஞ்சி. எந்திரிச்சா பீரோ. எது வசதின்னு பார்த்துக்குங்க."

கஞ்சியைக் குடித்தேன். உப்புகூட அளவாகத்தான் போட்டிருந்தாள். மூன்று மணிக்குப் போனை உயிர்ப்பித்தால் குழுவில் ஒரு படம். பாய்க்குப் பக்கத்தில், என் இடத்தில், மச்சினன். அவன் தட்டு நிறையப் பிரியாணி. கீழே மயிலாத்தாள் எழுதியிருந்தாள்:

'தி பீரோ இஸ் ஸ்டில் அட் தி கேட். இட் இஸ் வெயிட்டிங் ஃபார் யூ.'

பீரோ இன்னும் வாசலில் எனக்காகக் காத்திருக்கிறதாம். எங்கேயாவது பிழை இருக்குமென்று மூன்று தடவை படித்தேன். 'அட்' சரி. 'ஃபார்' சரி. தப்பாக இருந்தது நான் மட்டும்தான்.