மூன்றாவதைக் கீழே போட்ட மொழி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் மேல் எங்கள் எல்லோருக்கும் உள்ள பிரியத்தில் ஒரு குறையும் இல்லை. உன் அக்கா சுகம், பிள்ளைகள் சுகம், நீயும் சுகமாக இரு. மரியாதை இத்தோடு முடிந்தது.

வருடக்கணக்கில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினாயே, அதை நம்பி எங்கள் கதவுப் பட்டறையின் அறுவை இயந்திரத்துக்கு நிரல் எழுதிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "அத்தான், என் மொழியில ஒரு ஃபங்ஷனை, அதான் ஒரு வேலையைச் செஞ்சு விடை சொல்ற குட்டி நிரலை, கூப்பிட்டா ஒண்ணு மட்டும் இல்ல, எத்தனை விடை வேணும்னாலும் ஒரே தடவையில திருப்பித் தரும்" என்று பீற்றிக்கொண்டாய். தந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆர்டரைப் படிக்க நீயே எழுதிக் கொடுத்த ஃபங்ஷன் உயரத்தைத் தந்தது, அகலத்தைத் தந்தது, கூடவே மூன்றாவதாக, "உயரத்தைவிட அகலம் அதிகம், ஒருமுறை கேட்டுக்கொள்" என்று ஓர் எச்சரிக்கையும் தந்தது. விடைகளை வாங்கிக்கொள்ள என் நிரலில் நான் இரண்டுக்குத்தான் இடம் வைத்திருந்தேன். மூன்றாவதை உன் மொழி சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது, ஒரு முனகல்கூடக் கிடையாது! வாடிக்கையாளர் உயரத்தையும் அகலத்தையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறார், இயந்திரமும் விசுவாசமாக அறுத்துத் தள்ளிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய கதவெல்லாம் இடுப்பு உயரத்தில், கார் நுழையும் அகலத்தில் நிற்கின்றன. தலைமை ஆசிரியர் தவழ்ந்துதான் உள்ளே போகணும்.

கேட்டால், "வாங்கிக்காதது உங்க தப்பு அத்தான்" என்கிறாய். ஏண்டா, வேண்டாம்னு நான் சொன்னேனா? வேண்டாம்னா அதை என் கையால எழுத வை, இல்லேன்னா நிரலை ஓடவே விடாதே. மொழி செய்கிறவனுக்கு அதுகூடத் தோன்றாதா? உன் சுபாவமே இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் உன் அக்காவைப் பற்றிக் கேட்டேன். "நல்லாப் பாடுவா" என்றாய். விடியற்காலையில் பாடுவாள் என்பதை நான் கேட்கவில்லையாம், அதனால் நீ சொல்லவில்லையாம்!

இன்று முதலாளி போன் செய்தார். "கம்ப்யூட்டர் முன்னால உக்கார்ற வேலை இனிமே உனக்குக் கிடையாது" என்றார். "ரொம்ப சந்தோஷம்" என்று பட்டென வைத்துவிட்டேன். வேலை போய்விட்டது மச்சான், இந்த வயதில் யார் வாசலில் போய் வேலை கேட்பேன்? இனி என் வீட்டு வாசற்படியை நீ மிதிக்காதே.

உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மொழிக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்காவோடு உன் மொழியையும் கட்டிக்கொண்டு அழும் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முதலாளியே வீட்டுக்கு வந்து நின்றார். "முழுசாக் கேக்காம போனை வச்சா எப்படிய்யா? ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் வந்து அந்தக் கதவு மொத்தமும் தொழுவத்துக்கு வேணும்னுட்டாரு. பள்ளிக்கூடத்துக்கு வேற அறுத்துக்கலாம். இனிமே கம்ப்யூட்டரை வேற ஆள் பார்க்கட்டும், பட்டறை முழுக்க உன் பொறுப்புன்னு சொல்ல வந்தேன்" என்றார். உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தில் முதலில் வந்ததை மட்டும் எடுத்துக்கொள். மீதியை உன் மொழி செய்கிற மாதிரியே சத்தமில்லாமல் கீழே போட்டுவிடு.