வெள்ளைச் செல்லு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாயங்கால பஸ்ஸைத் தவறவிடுவதில் இந்த உலகத்தில் நாங்கள் 'இன்னொருக்கா' என்று பட்டப்பெயர் வைத்திருந்த என் நண்பரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரால் நான் தவறவிட்டவை மட்டும் நாற்பத்தொன்று. டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் பெரம்பலூரில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். எனக்கு மருந்து ஜன்னல், அவருக்கு ரத்தப் பரிசோதனை அறை. நடுவே பதினான்கு அடி. அரியலூரிலோ அடுத்தடுத்த வீடு. அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போனால், "எங்க அவரு?" என்று அவர் மனைவி ஏழு தடவை கேட்பார். திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம் அந்த அம்மாளுக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

எண்ணும் கருவி உடைந்துபோனதால், மைக்ராஸ்கோப்பில் தெரியும் ரத்த அணுக்களைப் புளியங்கொட்டை நகர்த்தி எண்ணுவார். நான் தும்மினால் போச்சு. "இன்னொருக்கா எண்ணிடுறேன்யா" என்று முதலிலிருந்து தொடங்குவார். டீக்கடையில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்பார். மாஸ்டர் ரெண்டு என்றால், "போட்டத நான் பாக்கலியே" என்று வேறு டீ போடச் சொல்வார். பஸ் கிளம்பிய பிறகு, மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டோமா என்று இறங்கி ஓடியது பதினோரு முறை. பதினோரு முறையும் போட்டிருந்தது.

அப்போது பூலாம்பாடிக்கு மேலே பச்சைமலையிலிருந்து பாப்பாத்தி என்றொரு பெண் வந்துகொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து அங்கங்கே அடைத்துக்கொள்ளும் நோய். வலி வந்தால் மூன்று நாள் சுருண்டு கிடப்பாள். திருச்சி டாக்டர் புது மாத்திரை ஒன்று எழுதியிருந்தார். ரத்தப் புற்றுக்குக் கொடுப்பது. வலி குறைந்தது. ஆனால் அது வெள்ளை அணுக்களையும் சேர்த்து அடித்துவிடும். அவை குறைந்துபோனால் சாதாரணக் காய்ச்சலே ஆளை முடித்துவிடும். அதனால் பதினாலு நாளைக்கு ஒருமுறை அணுக்களை எண்ண வேண்டும். ஒரு அளவுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்த வேண்டும். மழை பெய்தால் மலையிலிருந்து இறங்க முடியாதென்று நான் ஆறு மாத்திரை கூடுதலாகவே கொடுப்பேன்.

ஒருநாள் சாயங்காலம், பஸ்ஸுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கையில், 'இன்னொருக்கா' மூன்றாம் முறையாக எண்ணி முடித்து வெளியே வந்தார். பாப்பாத்தியின் அப்பா மடியில் மாத்திரைப் புட்டியோடு நின்றார்.

"பெரியவரே, வெள்ளைச் செல்லு ரொம்பக் கொறஞ்சுடுச்சு."

பெரியவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"மாத்திரை இப்ப வேணாம். பதினாலு நாள் கழிச்சு வாங்க."

"சரிங்க சாமி."

வேலை முடிந்தது. நான் ஜன்னலைச் சாத்திப் பையை எடுத்தேன். "வாய்யா, பஸ்ஸு போயிடும்" என்றேன்.

அவர் நகரவில்லை. "இருய்யா. பெரியவரே, நான் என்ன சொன்னேன்? இன்னொருக்கா சொல்லுங்க."

"அதான் சரின்னு சொல்லிட்டாருல்ல" என்றேன்.

"சொல்லட்டும்."

பெரியவர் சந்தோஷமாகச் சொன்னார். "செல்லு செத்துக்கிட்டு வருதுன்னீங்க. இனிமே வாங்க வேணாம்னீங்க. எங்க வூட்டு விட்டத்தையே செல்லு அரிச்சிருச்சு சாமி, அதோட கொணம் எனக்குத் தெரியும். மிச்சம் வச்சா மறுபடி புத்து கட்டிரும். இதுல இருக்குற ஆறையும் ரெண்டு ரெண்டா குடுத்து அடியோட ஒழிச்சிடுறேன்."

அவருக்குச் செல் என்றால் கரையான். அந்த ஆறும் நான் கூடுதலாகக் கொடுத்தவை. பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன்.

'இன்னொருக்கா' அவரை உள்ளே அழைத்துப்போய்க் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார். "இது கரையான் இல்லீங்க. ஒங்க மவ ஒடம்புக்குக் காவக்காரங்க. மாத்திரை அறுவாளை அடக்குறப்ப இவங்களையும் அடிச்சிருது."

வெகுநேரம் பார்த்துவிட்டுப் பெரியவர் மெதுவாகக் கேட்டார். "காவலுக்கு இவ்வளவு பேருதான் நிக்கிறாங்களா?"

"திரும்பி வருவாங்க. புட்டியக் குடுங்க."

ஆறு மாத்திரைகளையும் மேசையில் கொட்டி எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். ஆறு. வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மூன்றாவது முறை எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன்.

பதினாலு நாள் கழித்துக் காவல்காரர்கள் திரும்பியிருந்தார்கள். பாப்பாத்திக்கு மாத்திரை மறுபடி தொடங்கியது, அளவு குறைத்து.

நாற்பத்தொன்று என்று சொன்னேன். சரியாக எண்ணினால் நாற்பத்திரண்டு. அன்றைக்குப் போன பஸ்ஸை நான் டைரியில் எழுதவில்லை.