கங்கோங் பாத்தியில் கண்டுபிடித்த விஷம்

வீட்டில் படித்த பிள்ளை ஒன்று புதிதாக வேலைக்குப் போனால், கொஞ்ச நாளைக்கு அதன் வாயைக் கட்டிவைப்பது குடும்பத்துக்கு நல்லது.

சிரம்பானில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. (கொடுத்தது ஒரு வெள்ளைக் கோட்டுதான். நான் நடந்த நடையில் டத்தோ பட்டமே கொடுத்தது போலிருக்கும்.) தம்பின் ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் லெட்சுமி அத்தை உடனே போன் அடித்தார்.

"செம்பனைக்கு அடிக்கிற மருந்து என் கங்கோங் கீரைக்கும் வருதோன்னு பயமா இருக்கு. பாத்து சொல்லேன்லா."

என் மேலதிகாரி டாக்டர் மேரி, பழகிக்கொள்ளட்டும் என்று சம்மதித்தார். கையோடு ஒரு புட்டி சுத்தமான மணலும் கொடுத்தார். அதையும் பாத்தியருகே திறந்து, வேறு புட்டிக்கு மாற்றி, மூடிக் கொண்டுவர வேண்டும். எடுப்பவர் கையால் ஏதாவது சேர்ந்திருந்தால் அந்த மணல் காட்டிக்கொடுத்துவிடும்.

பாத்தியில் கொசு என்னைத் தூக்கிக்கொண்டு போகாத குறை. கையுறையைக் கழற்றி, கை கால் முகமெல்லாம் கொசுத்தைலம் பூசி, அப்படியே மண்ணை அள்ளினேன். மணலையும் அதே கையால்தான் மாற்றினேன்.

மண்ணை உலர்த்தி, சலித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்ததை இயந்திரத்துக்குள் செலுத்தினால், ஒவ்வொரு ரசாயனமும் தனித்தனியே பிரிந்து திரையில் கோபுரமாக எழும். அத்தையின் மண்ணில் எழுந்தது பத்துமலை முருகன் சிலை உயரம்! இயந்திரம் காட்டிய பெயரோ கெமாஸ் போகும் கூட்ஸ் ரயில் நீளம். பாதி படிப்பதற்குள் மூச்சு வாங்கியது. டாக்டர் மேரி சாப்பிடப் போயிருந்தார். நான் காத்திருந்தேனா?

"அத்தே, கீரைய தொடாதீங்க! மண்ணு பூரா விஷம்!"

டாக்டர் மேரி வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, மணலையும் போடச் சொன்னார். சுத்தமான மணலிலும் அதே கோபுரம்.

"அங்க கையில என்ன பூசுன?"

"கொசுத்தைலம், டாக்டர்."

"அதுல இருக்கிற மருந்தோட பேருதான்மா இது."

அத்தைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் தம்பினுக்குப் பறந்தேன். அதற்குள் அத்தை பாத்தி முழுவதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களோடு தோட்ட ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். நடுவில் மேனேஜர், வேர்வையில் குளித்துக்கொண்டு.

"வந்துட்டா பாரு எங்க லேப்காரி! சொல்லுடி, என்ன விஷம்?"

"கொசுத்தைலம் அத்தே... என் கையில இருந்தது."

மேனேஜர் தன் கழுத்தில் ஒரு கொசுவைப் பட்டென்று அடித்தார்.

"மிச்சம் இருக்காம்மா? கொஞ்சம் கொடுலா."

மறுபடி மண் எடுத்தேன், கையுறையோடு. பூச்சிமருந்து எதுவும் தென்படவில்லை. கீரையும்தான்.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணுக்குச் சமையல் வருமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்:

"சமையல் எப்படியோ, ராசியான கைம்மா. இவ தொட்ட எடத்துல கொசு வராது!"

கல்யாணம் நடந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் என் மாமியாரும் அதையேதான் சொல்கிறார்.