நன்றாக நடந்துவிட்டேன், அத்தை

மதிப்பும் பிரியமும் உள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் வலது காலைத் தவிர. அதுவும் காலையில் சுகமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் வேறு யாருடைய காலோ போல ஆகிவிடுகிறது. அங்கே மாமா, உங்கள் முதுகு, மாடி வீட்டுக்காரருடன் சண்டை எல்லாம் எப்படி? பதிலை ஃபோனில் சொல்லிவிடாதீர்கள். ஃபோன் அடித்தால் உங்கள் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அதனால்தான் கடிதம். விஷயமே அவரைப் பற்றியது.

நோயின் பெயர் உங்களுக்குத் தெரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போகிறது. மூளை சொல்வது காலுக்கு அரைகுறையாகப் போய்ச் சேர்கிறது. தொடக்கநிலைதான். இப்போதைய மாத்திரை போதுமா, வலுவான மருந்துக்கு மாற வேண்டுமா என்று முடிவுசெய்ய என் நடையை அளக்க வேண்டும் என்றார் டாக்டர். மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும், கெட்டுப்போன பிறகு மீட்பது கஷ்டம் என்றும் சொன்னார். என் காதில் 'அளவு' என்று விழுந்தது. உங்கள் அண்ணன் காதில் 'டெஸ்ட்' என்று விழுந்தது.

அவ்வளவுதான். வேலையிலிருந்த காலம் முழுக்க டிரைவிங் டெஸ்ட் வைத்துப் பாதிப் பேரை ஃபெயிலாக்கிய மனிதர், சொந்த மகள் ஃபெயிலாவதைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா, சமையலறையிலிருந்து பால்கனி வரை தரையில் வெள்ளை டேப் ஒட்டி, "திரும்புறப்ப வேகத்தக் குறை, கோட்டத் தொடாத, பார்வை நேரா இருக்கட்டும்" என்று விரட்டி, நான் ஒருமுறை தடுக்கியதும் "செருப்பு சரியில்ல" என்று புதுச் செருப்பு வாங்கி, அதிலும் தடுக்கியதும் "கால்மிதி சரியில்ல" என்று அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டு, பிறகு வெறும் தரையிலேயே தடுக்கியதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "என்ன தரை போட்டிருக்கீங்க?" என்று சண்டை பிடித்து, டெஸ்டுக்கு முதல் நாள் நான் வேலை பார்க்கும் கடைக்கு லீவு போடவைத்து என்னைப் படுக்கையிலேயே கிடத்தி, மறுநாள் கால் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

அங்கே நீள வராந்தா. பிசியோதெரபிஸ்ட் பெண் என் இடுப்பிலும் கணுக்காலிலும் தீப்பெட்டி அளவு கருவிகளைக் கட்டினார். முதலில் சும்மா நடை. அப்புறம் மிருகங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடை. மனம் வேறொன்றில் இருந்தால்தான் ஒளிந்திருக்கும் தடுமாற்றம் வெளியே வருமாம். யானை, குதிரை, நரி. யோசித்தேன். பெஞ்சிலிருந்து, "காண்டாமிருகம்!"

"சார், அவங்கதான் சொல்லணும்."

"நான் இருமினேன்மா."

"காண்டாமிருகம்னா இருமினீங்க?"

முடிவு: நடை இயல்பு. உங்கள் அண்ணன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று சாயங்காலம் குளியலறை வாசலில் விழுந்தேன். ஓடி வந்தவரிடம், சோப்பைத் தேடுகிறேன் என்றேன். அவரும் உட்கார்ந்து தேடினார்.

அவர்மேல் மட்டும் பழி போடக் கூடாது அத்தை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தடுமாற வரவில்லை. அந்த முகம். அதற்காகவே கால் ஒழுங்காகிவிடுகிறது, கொஞ்ச நேரத்துக்கு.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு ஏதோ சந்தேகம், ஃபோன் செய்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி பாக்கலாம். வேலைய முடிச்சிட்டு அப்படியே வாங்க, ரெஸ்ட் எடுக்காதீங்க. அப்புறம் உங்க அப்பாவ... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"புரியுதுங்க" என்றேன்.

தேதி உங்கள் அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே அத்தை, வெள்ளிக்கிழமை உங்களுக்கு முட்டி வலி வர வேண்டும். அண்ணனைக் கூப்பிட்டு அழ வேண்டும். அழுதால் உடனே பஸ் ஏறிவிடுவார். இரண்டாவது முறையும் நான் நன்றாக நடந்து தொலைத்தால் பழைய மாத்திரையோடு விட்டுவிடுவார்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், என் காலுக்காக.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு முத்தம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் உண்டு என்று தெரியும். அதைக் கொஞ்சம் வலது பக்கமாக அனுப்புங்கள்.

என்றும் உங்கள்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: இதை எழுதி ஒரு வாரமாகக் கைப்பையில் கிடக்கிறது. தபால் பெட்டி தெருமுனையில்தான். ஆனால் வேலை முடிந்து வரும்போது அது வேறு ஊரில் இருக்கிறது. இதற்குள் வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், அப்பா என்னை அழைத்துப்போக மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்திருக்கிறார். கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். கல்லாவிலிருந்து கடைசி அலமாரி வரை மேசை, நாற்காலி, ஒரு வாடிக்கையாளரின் தோள் என்று பிடித்துப் பிடித்து நான் போனதை முழுக்கப் பார்த்திருக்கிறார். உள்ளே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டார்: "எங்கிட்ட எதுக்கும்மா நடிக்கிற?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"நாளைக்கு டெஸ்டுக்குக் கடையிலேர்ந்து நேரா போயிடலாம். நடுவுல உக்காரவே உக்காராத."

வெள்ளிக்கிழமை கால் இழுத்தது. சுவரைப் பிடித்தேன். யானைக்கு அப்புறம் ஒரு மிருகமும் வரவில்லை. பெஞ்சிலிருந்தும் வரவில்லை. மருந்தை மாற்றுகிறார்கள்.

வெளியே வரும்போது என் கை அப்பாவின் தோளில். காவலாளி எழுந்து, "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"பொண்ணு ஃபெயிலாயிட்டாப்பா." அப்பா சிரிக்கப் பார்த்தார்.

"விடுங்க சார், அடுத்த தடவ பாஸாயிடுவாங்க."

ஆகவே முட்டி வலி வேண்டாம் அத்தை. அவர் இங்கேயே இருக்கட்டும். தபால் பெட்டி வரை அவரைத்தான் அனுப்பப்போகிறேன். வழியில் நிச்சயம் பிரிப்பார்.

அப்பா, படிச்சு முடிச்சதும் ஒழுங்கா ஒட்டிடுங்க.