பதினேழாவது பை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவியும், பிள்ளைகள் இருவரும், என் முழங்கால்கள் இரண்டும் ஓரளவு நலம். அங்கே நீங்களும் அக்காவும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தயவுசெய்து இதை அக்கா எதிரில் படிக்காதீர்கள். "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்பாள். "முழங்கால் வலியாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுங்கள்.

உங்களிடமிருந்து நான் ஜம்ப் மாஸ்டர் வேலையை வாங்கிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. அந்த வேலை என்னவென்று உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் ஒரு மாதமாக விசாரணைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக எழுதிக் கொடுத்துக் கொடுத்து, இப்போது பால்காரரிடம்கூட அப்படித்தான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாரசூட் கட்டிய ஒவ்வொரு ஆளையும் கைகளைத் தலைக்கவசத்தின் மேல் வைத்து நிற்கச் சொல்லி, கண்ணால் மட்டுமல்லாமல் கையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். தாடைப் பட்டை, மார்புப் பட்டை, வயிற்றின் மேல் இருக்கும் அவசர பாரசூட், தொடைப் பட்டைகள் இரண்டு, பிறகு திருப்பி நிறுத்தி முதுகு. எல்லாம் ஒழுங்காக இருந்தால் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி "சரி" என்று சொல்லி, ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டும். விமானத்தில் ஒவ்வொருவரும் தன் முதுகுப் பையிலிருந்து வரும் நீளப் பட்டையின் கொக்கியை மேலே ஓடும் கம்பியில் மாட்டிக்கொள்வார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் நான் வாசலில் நின்று ஒவ்வொருவராக அனுப்புவேன். ஆள் கீழே போவான், பட்டை இழுத்து பாரசூட்டைத் திறந்துவிடும், அது இருந்த காலிப் பை மட்டும் விமானத்துக்கு வெளியே பட்டையின் முனையில் படபடத்துக்கொண்டிருக்கும். எத்தனை பேர் போனார்களோ அத்தனை பை. அவற்றை உள்ளே இழுத்து எண்ணிவிட்டால் வேலை முடிந்தது. இந்த வேலை என்னோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பது தனிக் கதை. காலையில் பிள்ளைகள் புத்தகப் பையோடு தலையில் கைவைத்து வாசலில் நிற்பார்கள், நான் பட்டைகளை இழுத்துப் பார்த்து, முதுகில் தட்டி அனுப்புவேன். சின்னவன் வகுப்பு வாசலிலும் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றிருக்கிறான். ஆசிரியை என் மனைவியைக் கூப்பிட்டு, "வீட்டுல யாராவது அவனை அடிக்கடி கைது பண்றாங்களா?" என்று கேட்டார்களாம். இவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் முதல் வெள்ளிக்கிழமை பதினாறு பேரைத் தொட்டுப் பார்த்தேன், பதினாறு கையெழுத்துப் போட்டேன், பதினாறு பேரை வாசல் வழியாக அனுப்பினேன். நல்ல வெயில், காற்றே இல்லை. பைகளை உள்ளே இழுத்து எண்ணினால் பதினேழு. என்னோடு பை இழுக்கும் விமானப்படைக்காரர் எண்ணினார், பதினேழு. இடம் மாறி உட்கார்ந்து எண்ணினோம், அப்போதும் பதினேழு. "விடுங்க சார், கூடத்தானே இருக்கு, குறையலையே" என்றார் அவர். அந்த மனிதருக்கு எங்கள் ஸ்டோர்காரரைத் தெரியாது. பாரசூட் ஒன்று குறைந்தால் நம்மிடம் படிவம் இருக்கிறது: கிழிந்தது, மரத்தில் மாட்டியது, ஆற்றில் போனது என்று ஏதாவது எழுதிக் கொடுக்கலாம். கூடினால் படிவமே கிடையாது. ஸ்டோர்காரர் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக, "இதை எங்கேந்து வந்துச்சுன்னு எழுதுறது? மழையில வந்துச்சுன்னு எழுதட்டுமா?" என்று கேட்டார்.

அதைவிட மோசமானது கீழே நடந்திருந்தது. மைதானத்தில் நின்றவர்கள் பதினேழு பாரசூட் விரிந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பதினாறின் கீழே ஆள் தொங்கினான். பதினேழாவது எல்லாவற்றுக்கும் பின்னால், அவசரமே இல்லாமல், காலியாக இறங்கியிருக்கிறது. மார்புப் பட்டை மாட்டியபடி இருந்தது, தொடைப் பட்டைகள் இரண்டும் கழன்று தொங்கின. ஆளைத் தேடி நாற்பது பேர் சாயங்காலம்வரை புல்லை மிதித்தார்கள். யாரும் இல்லை. காணாமல் போனவர் யார் என்று பெயர் கூப்பிட்டால், எல்லோரும் "உள்ளேன்" என்கிறார்கள்.

அடுத்த வெள்ளியும் அதே கதை. அதற்கடுத்த வெள்ளியும். விமானத்தில் குதிக்கும்முன் கடைசி ஆள் தனக்கு முன்னால் நிற்பவனின் தொடையைத் தட்டி "சரி" என்பான், அவன் அடுத்தவனைத் தட்டுவான், அப்படியே என்வரை வரும் அல்லவா? கடைசி இடத்தில் எங்கள் கொட்டாவி நிற்பான். எத்தனை ஆயிரம் அடி உயரத்திலும் வாயைத் திறந்து கொட்டாவி விடுகிறவன் என்பதால் அந்தப் பெயர். மூன்றாவது வெள்ளி முடிந்து கீழே வந்தவன் நேராக என்னிடம் வந்தான். "சார், கடைசில யாரு நின்னது?" என்றான். நீதான் என்றேன். "அப்ப என் தொடையில தட்டி சரின்னு சொன்னது யாரு சார்?" என்றான். அன்றிலிருந்து அவன் கொட்டாவி விடுவதில்லை. ராத்திரிகூடத் தூங்குவதில்லை என்று கேள்வி.

தளபதி என்னை மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் கையை விரித்து எத்தனை விரல் என்றார். ஐந்து என்றேன். "நல்லவேளை, ஆறுன்னு சொல்லலை" என்று எழுதிக்கொண்டார். வருகிற சனிக்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. அதற்கு முந்தைய நாள் குதிப்பில் மறுபடி எண்ணிக்கை தப்பினால் என் சின்னத்தைக் கழற்றிக்கொண்டு, பாரசூட் மடிக்கும் கூடத்தில் மேஜை துடைக்கப் போட்டுவிடுவார்களாம். அதுகூடப் பரவாயில்லை அத்தான். எனக்குத் தூக்கம் போனது அதனால் இல்லை.

போன வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி, பளிச்சென்று வெயில். பதினாறு பேரையும் பார்த்து முடித்து நிமிர்ந்தால், வரிசைக் கடைசியில் இன்னொருவன் தலையில் கைவைத்து நிற்கிறான். குனிந்த தலை, முகம் தெரியவில்லை. தரையை அப்போதுதான் கழுவியிருந்தார்கள். எல்லோருடைய பூட்ஸ் தடமும் இருந்தது, அவனுக்குப் பின்னால் மட்டும் ஈரத்தில் ஒரு தடமும் இல்லை. என் கைகள் பழக்கத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டன. தாடை, மார்பு, வயிறு எல்லாம் சரி. தொடைப் பட்டைகள் இரண்டும் தொங்கின. "என்னப்பா இது?" என்றேன். "ஒண்ணுக்குப் போயிட்டு வந்தேன் சார். கழட்டினா மறுபடி முதல்லேந்து பாக்கணும்ல?" என்றான். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். நான் மாட்டினேன். அது கழன்றது. மறுபடி மாட்டினேன், மறுபடி கழன்றது. "நீங்க மாட்டினா நிக்காது சார். என் பேருக்கு நேரா கையெழுத்துப் போட்டவர்தான் பாக்கணும். சட்டம் அப்படித்தானே?" என்றான். சட்டம் அப்படித்தான் அத்தான். பிறகு, குனிந்த தலை குனிந்தபடியே, "அன்னிக்குப் பொறந்த குழந்தை நல்லா இருக்கா சார்?" என்று கேட்டான்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் யாரென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வரிசையில் அவன் பதினேழு, நான் பதினாறு, நீங்கள் ஜம்ப் மாஸ்டர். நீங்கள் அவனைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது சத்தியம். அதற்கப்புறம் அவன் கழிவறைக்கு ஓடியதும் சத்தியம். அவன் திரும்பி வருவதற்குள் உங்களுக்கு ஃபோன் வந்தது, பாப்பா பிறந்துவிட்டாள் என்று. வரிசையே கை தட்டியது. அவன் ஓடிவந்து எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான். தட்டிவிட்டு உங்கள் முன்னால் தலையில் கைவைத்து நின்றான். நீங்கள் சிரித்துக்கொண்டே, "உன்னைப் பாத்தாச்சுடா, போ" என்றீர்கள். தொடைப் பட்டைகள் தொங்கியபடியே குதித்தான், பாரசூட் விரிந்ததும் அதிலிருந்து நழுவி விழுந்து செத்தான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை அத்தான். அந்த நிமிஷத்தில் உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். விசாரணையில் என்னைக் கேட்டார்கள், தொட்டுப் பார்த்தாரா என்று. பார்த்தார் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா பச்சை உடம்புக்காரி, மடியில் மூன்று வாரக் குழந்தை. 'குதித்தவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கட்டிவைத்தார்கள். அவன் அம்மா வந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனாள். அதை நான் பார்த்தேன்.

இத்தனை வருஷம் வராதவன் இப்போது ஏன் வந்தான் என்று யோசித்தேன். போன மாதம் முதல் வெள்ளி, விமானம் உறுமிக்கொண்டிருந்த நேரத்தில், கொட்டாவி கழிவறையிலிருந்து ஓடிவந்து நின்றான். நான் அவசரத்தில், "உன்னைப் பாத்தாச்சு, போ" என்றுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு உடனே அவனைத் திரும்பக் கூப்பிட்டு முழுசாகப் பார்த்தேன். ஆனாலும் வாயிலிருந்து விழுந்த வார்த்தை விழுந்ததுதானே. அதைக் கேட்டுத்தான் அவன் வந்திருக்க வேண்டும்.

நாலு வெள்ளியாக அவனைத் தொடைப் பட்டை இல்லாமல் வாசலுக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன் அத்தான். பச்சை விளக்கு எரிந்தபின் யாரையும் நிறுத்த முடியாது. போன வெள்ளி வாசலில் என்னைத் தாண்டும்போது "பரவாயில்லை சார்" என்றான். என்னால் முடியவில்லை. ஆகவே உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வது: வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் எப்படியாவது இங்கே வந்துவிடுங்கள். வாசல் அனுமதிச் சீட்டு நான் வாங்கி வைக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதிக்கொள்ளலாம். அவனை ஒருமுறை நீங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் சனிக்கிழமை, நாம் இருவரும் சேர்ந்தே குழுவுக்கு முன்னால் போய், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுவோம். வராமல் இருந்துவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு என் ஆசிகள். நன்றாகப் படித்து, உயரமான இடங்களுக்குப் போகாத ஒரு வேலைக்கு வரட்டும். உங்கள் கால் தொட்டு வணங்கி முடிக்கும்,

அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, மதியம். மேலே எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்திருக்கிறேன். இன்று காலை அவன் முன்னால் குனிந்தபோது உறை வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. "இது அவரு விலாசமா சார்?" என்றான். கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய், ஆமாம் என்றேன். "தெருப் பேரு சரியா தெரியலையே சார்" என்றான். படித்துக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகிப் போனான். விமானத்தில் எண்ணினோம், பதினாறு. ஸ்டோர்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். விசாரணையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வாசல் காவலர் மட்டும், யாரோ ஒருவன் முழு பாரசூட்டோடு வெளியே நடந்து போனதாகச் சொல்கிறார். ஏட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'மறுபரிசோதனை' என்று எழுதியிருக்கிறானாம், கையெழுத்து அழகாக இருக்கிறது. இந்தக் கடிதம் முந்துமா அவன் முந்துவானா தெரியாது. அழைப்பு மணி அடித்தால் அக்காவைத் திறக்க விடாதீர்கள், நீங்களே திறங்கள். தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பான். வாசலில் நின்றபடியே போ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தொடைப் பட்டை இரண்டையும் நீங்களே மாட்டி, இழுத்துப் பார்த்து, திருப்பி நிறுத்தி முதுகையும் பாருங்கள். கை சில்லிட்டுப் போகும், இரண்டு நாளில் சரியாகிவிடும். பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, அவனுக்குக் கேட்கும்படி "சரி" என்று சொல்லுங்கள். பாப்பாவைப் பற்றி அவன் கட்டாயம் கேட்பான். நன்றாக இருக்கிறாள் என்று நீங்களே உங்கள் வாயால் அவனிடம் சொல்லிவிடுங்கள்.