பன்னிரண்டு அறைகளுக்கு ஒரு ஃபிரேம்வொர்க்

"ஃபிளாஸ்க்," என்றான் ஸ்ரீகரன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் உடனே குனிந்து அதை எழுதிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுதவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "ஃபிளாஸ்க்கா?" என்று மட்டும் கேட்டார்.

பதினொரு வருடம் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்கு நேர்முகத் தேர்வெல்லாம் மறந்து போயிருந்தது. ஒருவர் எழுதிக்கொண்டால் பதில் சரி என்று அர்த்தமா? ஒருவர் திருப்பிக் கேட்டால் தவறா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் என்னவென்று எடுத்துக்கொள்வது?

தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாவது மாடி அது. ஐந்து நிமிடத்துக்கு முன் டையைச் சரிசெய்தபடி ஏறி வந்தவனை, வரவேற்பு மேசையில் இருந்த சுஹானா என்ற பெண் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே, "உள்ளாற இருக்காங்கண்ணே, போய் உக்காருங்க," என்று கை காட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே நீளமான ஒரு மேசை. அந்தப் பக்கம் இருவர், இந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி. அவன் அதில் உட்கார்ந்தான்.

"நான் கீர்த்திகா. இவரு ஷஃபீக் அண்ணே, அக்கரையில இருக்கற பத்து காவான்லேர்ந்து வர்றாரு," என்றாள் அந்தப் பெண்.

"வணக்கம் மேடம். வணக்கம் சார்."

"மேடமெல்லாம் வேணாம்லா. கீர்த்திகான்னே கூப்பிடுங்க. சரி, நீங்க எந்த ஃபிரேம்வொர்க்?"

அவள் முன்னால் கிடந்த தாளில், அவனுக்கு மின்னஞ்சலில் வந்திருந்த அதே கேள்வி இருந்தது. பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதிக்கு இணையத்தில் அறை பதிவு செய்யும் செயலி வேண்டும். அதற்கு லேசான பேக்கெண்ட் ஃபிரேம்வொர்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணம் சொல்லத் தயாராக வரவும்.

முந்தின நாள் அவன் மனைவி சிந்துஜா, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டிருந்தாள்.

"வெப்சைட்ல நீ பாக்குறது முன்பக்கம். நீ அமுக்குற பட்டனுக்கு வேலை செய்யறது பின்பக்கம். அத அடியிலேர்ந்து கட்ட வேணாம்னு ஏற்கனவே செஞ்சு வெச்ச கூடு நெறைய இருக்கு. சிலது கட்டில், பீரோ எல்லாம் போட்டு வாடகைக்கு விடற வீடு மாதிரி. லேசானதுன்னா வெறும் வீடு. வேணுங்கறத நாமளே வாங்கிப் போட்டுக்கணும்."

"அப்ப ஏதாச்சும் ஒரு வீட்டச் சொல்லிட்டு வேலைய வாங்கிட்டு வாங்க," என்று அவள் முடித்துவிட்டாள்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலை அவனுடைய பிரிவை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று வேலை தருவதாக எழுதியிருந்தது. இன்று நான்கு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் சிந்துஜாவையும் ஆறு வயது மகளையும் ஆயர் ஈத்தாமில் விட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிற அப்பாவாக வேண்டும். இந்த வேலை கிடைத்தால் வீட்டு வாசலிலிருந்து ஒரே பஸ். மணி இப்போது மூன்றரை.

"ஃபிளாஸ்க்ல லாகின் கிடையாது. டேட்டாபேஸுக்கும் தனியா ஏதாச்சும் போடணும்," என்றார் ஷஃபீக். "ஏன் அதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"சின்னது சார். ஒரே ஃபைல்ல ஆரம்பிச்சிடலாம். ரொம்ப வருஷமா இருக்கறதால எங்க மாட்டிக்கிட்டாலும், யாராச்சும் முன்னாடியே மாட்டிக்கிட்டுப் பதில் எழுதி வெச்சிருப்பாங்க."

"யாராச்சும்... முன்னாடியே... மாட்டிக்கிட்டு..." கீர்த்திகா எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கினாள். "அப்புறம்?"

ஷஃபீக் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு பேரில் வயதானவர் அவர். முடிவு அவர் கையில்தான் இருக்கும் என்று ஸ்ரீகரனுக்குத் தோன்றியது. அவரைப் பிடித்துவிட்டால் போதும்.

"இல்லேன்னா ஃபாஸ்ட்ஏபிஐ எடுக்கலாம் சார். உள்ள வர்ற தகவல அதுவே சரிபாக்கும். தேதி போட வேண்டிய எடத்துல பேரப் போட்டா திருப்பி அனுப்பிடும். எப்படிப் பயன்படுத்தறதுன்னு விளக்கப் பக்கம்கூடத் தானா வந்துடும்."

ஷஃபீக்கின் முகம் இருண்டது.

"நீங்களும் அதையேவா?" என்றார். மடிக்கணினியைப் பாதி மூடினார். "ஆளாளுக்கு அதையே சொன்னா எப்படி தம்பி?"

முன்னால் வந்து போனவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று ஸ்ரீகரனுக்குப் புரிந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடக் கூடாது.

"அப்ப அது வேணாம் சார். எக்ஸ்பிரஸ். முன்பக்கம் எழுதற அதே ஜாவாஸ்கிரிப்ட்ல பின்பக்கத்தையும் எழுதிடலாம். ஒரு மொழி தெரிஞ்சா போதும்."

இந்த முறை கீர்த்திகாவின் பேனா கீழே விழுந்தது.

"ஐயோ, அத விட்ருங்களேன் பிளீஸ்."

"ஏன் மேடம்? அதுல ஏதாச்சும் பிரச்சினையா?"

"பிரச்சினையெல்லாம் ஒண்ணுமில்ல. அத வேற யாராச்சும் சொல்லட்டும்."

ஒரு தொழில்நுட்பத்துக்கு எதிராக இப்படி ஒரு வாதத்தை ஸ்ரீகரன் எங்கும் படித்ததில்லை. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தும் கழுத்துப்பட்டைக்குள் வியர்த்தது. இவர்கள் இருவருக்கும் ஆகாதவை இரண்டு. அப்படியானால் இருவரும் கேள்விப்படாததாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"ஃபைபர்," என்றான். "கோ மொழியில இருக்கு. எழுதி முடிச்சா எல்லாம் ஒரே ஃபைலா வந்துடும். சர்வர்ல கொண்டு போய்ப் போட்டா ஓடும். நல்ல வேகம்."

பலித்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். "மெதுவா, மெதுவா," என்றார் ஷஃபீக். ஸ்ரீகரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எத்தனை வருஷமா அதுல எழுதறீங்க?" என்று கீர்த்திகா கேட்டாள்.

"வருஷமில்ல மேடம். ஒரு சனிக்கிழமை."

"ஒரு நாள் பூராவுமா?"

"மத்தியானம் வரைக்கும்."

ஷஃபீக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு இவ்ளோ தைரியமா பேசறீங்களே! எனக்கு இந்த வாய் இல்லாமதான் போச்சு தம்பி."

இது பாராட்டா, கிண்டலா? யோசிப்பதற்குள் கீர்த்திகா ஷஃபீக்கின் பக்கம் திரும்பியிருந்தாள்.

"எப்படிச் சுத்துனாலும் எக்ஸ்பிரஸ்தான்ண்ணே சரி."

"ஏன்? பைத்தான் தெரிஞ்ச ஆளுங்கதான் நெறைய கெடைப்பாங்க. ஃபாஸ்ட்ஏபிஐ போட்டா நாளைக்கு யாரு வேணா வந்து பாத்துக்கலாம்."

"ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்ச ஆளுங்க மட்டும் இல்லையா? பக்கத்துக் கடையில ரொட்டி சானாய் போடறவரு மகன்கூட எழுதறான்."

"அந்தப் பையன் எழுதனதுல உங்க விடுதி ஓடுமா?"

"என்னோட விடுதியா? கேள்வியில இருக்கற விடுதிலா அது!"

"தம்பி, நீங்க சொல்லுங்க," என்று ஷஃபீக் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேருல யாரு சரி?"

தேர்வு எடுப்பவர்கள் சண்டை போட்டு, வந்தவனிடம் தீர்ப்புக் கேட்பார்கள் என்று எந்தக் கட்டுரையிலும் இல்லை. பிறகு பொறி தட்டியது. குழுவாக வேலை செய்யத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். புதிய நிறுவனங்கள் இப்படியெல்லாம் செய்யும்.

"ரெண்டு பேரும் சரிதான்," என்றான் பெரிய மனதோடு. "பதிவு வாங்கற பக்கத்த எக்ஸ்பிரஸ்ல வெச்சுக்கலாம். ரூம் ஒதுக்கறத ஃபாஸ்ட்ஏபிஐல வெச்சுக்கலாம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கட்டும்."

அதுவரை எதிரெதிராக இருந்த இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"பன்னெண்டு ரூமுக்கா?"

ஸ்ரீகரனின் கையில் இனி ஃபிரேம்வொர்க் எதுவும் மிச்சமில்லை. டையைத் தளர்த்தினான்.

"உண்மையச் சொல்லிடறேன். எதுன்னு எனக்குத் தெரியல. காலையில தெரிஞ்சிருந்துச்சு. பன்னெண்டு ரூமுக்கு எதப் போட்டாலும் ஓடும். ஒரே ரூம ரெண்டு குடும்பத்துக்குக் குடுக்காம இருந்தா போதும். அத ஃபிரேம்வொர்க் பாத்துக்காது, டேட்டாபேஸ்லதான் தடுக்கணும். வர்றவங்களுக்குக் கட்டிலும் தண்ணியும் கெடைச்சா சரி. பின்னாடி என்ன ஓடுதுன்னு அவங்க கேக்கப் போறதில்ல."

ஷஃபீக் பேனாவை மேசையில் வைத்தார். கீர்த்திகா தன் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பார்த்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டாள். இருவர் முகமும் தொங்கிவிட்டது.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. சிங்கப்பூர். 'இன்னும் பதினைந்து நிமிடம். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.'

"தப்பா நெனைக்காதீங்க சார்," என்றான். "நாலு மணிக்குள்ள இன்னொரு எடத்துக்குப் பதில் சொல்லணும். இங்க வேலை கெடைக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கான்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

ஷஃபீக் நெடுமூச்சு விட்டார். "இருக்கறது ஒரே ஒரு எடம் தம்பி. நானும் வந்ததுலேர்ந்து அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன். கஷ்டம்தான்."

"இன்னொரு எடம்னீங்களே, எங்க?" என்றாள் கீர்த்திகா.

"சிங்கப்பூர்."

"அலாமாக்! அத வெச்சிக்கிட்டா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

இதற்கு மேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஸ்ரீகரன் மேசைக்கு அடியில் கைப்பேசியைத் திறந்தான். சிந்துஜாவிடமிருந்து ஏற்கனவே ஒரு செய்தி வந்திருந்தது: 'என்னாச்சு?'

'கிடைக்கல.'

'அதுக்குள்ள சொல்லிட்டாங்களா?'

'மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க.'

பிறகு வந்தது: 'சரி. பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.'

அவன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு சிங்கப்பூருக்கு, 'சம்மதம், திங்கட்கிழமை வந்து சேர்கிறேன்' என்று எழுதினான். கட்டைவிரல் சற்று நேரம் மேலேயே நின்றது. அமுக்கினான். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"அனுப்பிட்டேன்," என்றான்.

"அப்ப, இந்த வேலை உங்களுக்கு வேணாமா?" என்று இருவரும் கேட்டார்கள்.

"இனிமே எப்படி?"

அந்த அறையில் பிறகு நடந்தது ஸ்ரீகரனுக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. ஷஃபீக் மேசையைச் சுற்றி வந்து அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். "சிங்கப்பூர் நல்ல ஊரு தம்பி. போங்க, போங்க. எதையும் யோசிக்காதீங்க." கீர்த்திகா தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "சாப்டுங்கண்ணே. நீங்க வந்தப்பவே நெனைச்சேன், இவரு பெரிய எடத்துக்குப் போகப் போறாருன்னு."

ஒருவனை வேண்டாம் என்று சொல்வதில் இவ்வளவு சந்தோஷப்படுகிற நிறுவனத்தை அவன் கேள்விப்பட்டதில்லை. நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கதவைப் பாதி திறந்து சுஹானா தலையை நீட்டினாள்.

"சாரிண்ணே, சாரிக்கா, மூணு பேரும் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துருங்களேன், இன்டர்வியூ எடுக்கறவரு இப்பத்தான் பட்டர்வொர்த்துல ஃபெர்ரி ஏறுறாராம்."